பச்சைப் பதிவில் பொன்னரசி

விருதுநகர் மண்டித் தெருவில் மிளகாய் வற்றலைவிட வேகமாக விலையேறிய சரக்கு ஒன்று உண்டு. பழைய கேமரா. ஒரு காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு பூவையும் பூனையையும் எடுத்துத் திரிந்தார்களே, அந்த டிஎஸ்எல்ஆர். லென்ஸில் பூஞ்சை பிடித்ததைக்கூட இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏலம் கேட்டார்கள்.

காரணம் எளிது. புதுக் கேமராக்களுக்குள் மூளை வைத்துவிட்டார்கள். மூளை வந்தால் கற்பனையும் வரும். இருட்டில் முகம் தெரியாவிட்டால் அதுவே ஒரு முகத்தைத் தயாரித்துக் கொடுத்தது. வெறும் கழுத்தில் சங்கிலி போட்டது. ஒரு தேர்தலில், இறந்துபோன வேட்பாளர் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். ஒரு கொலை வழக்கில், கொலை நடந்த அதே நேரத்தில் கொன்றவரும் செத்தவரும் சேர்ந்து காபி குடிக்கும் வீடியோவை வக்கீல் தாக்கல் செய்தார். நீதிபதி எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது: கல்யாணமோ, கிரயமோ, உயிலோ, சாவோ, இனிமேல் சமைக்காத வீடியோ இருந்தால்தான் செல்லும். அதையும் மூளை வைப்பதற்கு முன்னால் செய்த கேமராவில், உரிமம் பெற்ற ஆள் எடுக்க வேண்டும்.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளம். ஊர் 'பச்சைப் பதிவு' என்று சுருக்கிக்கொண்டது.

அந்த ஊருக்கு உரிமம் பெற்ற ஒரே ஆள் சந்தனராஜ். முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் சொல்லும் விளக்கம் ஒன்றுதான்: "சாதா வீடியோ ஓட்டல் சாம்பாருண்ணே. உள்ள என்ன போட்டான்னு அவனுக்கே தெரியாது. இது சந்தையில வாங்குன காய். மண்ணோட வரும். ஒவ்வொரு புள்ளியிலயும் எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சோ அதை அப்படியே எழுதி வைக்கும். நெறத்தைப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். நடந்ததை மாத்த முடியாது."

ஒரே ஒரு தொல்லை. அந்தக் கேமராவைச் செய்த கம்பெனி இப்படி ஒரு வேலைக்காக அதைச் செய்யவில்லை. யாரோ சில பித்தர்கள் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு மென்பொருள் எழுதி, அதன் வயிற்றிலிருந்து பச்சை வீடியோவைப் பிடுங்கி எடுத்தார்கள். லாரிச் சரக்கை மொபெட்டில் ஏற்றியதுபோலத்தான். உள்ளே இருக்கும் கார்டு அவ்வளவையும் விழுங்க முடியாமல் இருபது விநாடிச் சொச்சத்தில் திணறி நின்றுவிடும். நின்றால் மறுபடி மூச்சு வாங்கிக் கிளம்பக் கொஞ்சம் நேரமாகும்.

ஆகவே ஊர் தன் முக்கியமான காரியங்களையெல்லாம் இருபது விநாடிக்குள் முடிக்கப் பழகியது. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் இருபது விநாடி சிரித்தார்கள். மரண வாக்குமூலம் கொடுப்பவர்கள் மட்டும் இழுத்தடித்தார்கள்.

எடுக்க எடுக்கவே வீடியோ சென்னைக்குப் போய்விடும். அங்கே ஒரு சரிபார்ப்பு எந்திரம். கட்சிக்காரர்கள் தலைமையைச் சொல்வதுபோல ஊரில் அதை 'மேலிடம்' என்றார்கள். மேலிடம் ஏற்றதை யாரும் அழிக்க முடியாது. அழிக்க முடியாது என்பதால்தான் அதற்கு விலை.

ரத்தினசாமி அண்ணாச்சியின் ஒரே மகன் தர்ஷனுக்கும் ராஜபாளையத்துப் பெண் தாரணிக்கும் வைகாசியில் கல்யாணம். அண்ணாச்சி வற்றல் மண்டிக்காரர். வாங்கும்போது மிளகாயில் ஈரம் இருக்கிறது என்பார். விற்கும்போது அதே மிளகாய் சருகு என்று சத்தியம் செய்வார்.

சந்தனராஜிடம் ஒரு பழக்கம் இருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் மேடையில் ஒரு முறை சோதித்துப் பார்ப்பார். பச்சைப் பதிவில் இருட்டைப் பிறகு தூக்கிவிடலாம். வெளிச்சம் அதிகமாகி வெந்துபோன இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பட்டும் தங்கமும் சேர்ந்து மின்னும் இடத்தில்தான் வேகும். ஆகவே பட்டும் தங்கமுமாக ஒருத்தியை மணையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். பெண் அலங்கார அறையில் இருப்பாள். அதனால் எல்லாக் கல்யாணத்திலும் மாப்பிள்ளை பக்கத்தில் முதலில் உட்காருகிறவள் சந்தனராஜின் மனைவி பொன்னரசிதான். விளக்குப் பிடிப்பது அவள் வேலை. ஒரு பட்டுச்சேலை அதற்கென்றே பையில் இருக்கும். "இந்த ஊர்ல பாதி மாப்பிள்ளை எம்பக்கத்துல உக்காந்தவந்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்றும் உட்கார்ந்தாள். தாலியைத் தூக்கும்போது முழங்கை முகத்தை மறைக்கிறதா என்று பார்ப்பதற்காக, கழுத்துக்கு அருகே ஒரு முறை கொண்டுபோகச் சொன்னார் சந்தனராஜ். தர்ஷன் பதற்றக்காரப் பையன். சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே செய்கிறவன். கொண்டுபோனான். பின்வரிசையில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தாலி தூக்கிய கை தெரிந்தது. முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் கை தானாகக் கெட்டிமேளம் கொட்டியது. மேளச் சத்தம் கேட்டால் அட்சதை போடுவதும் பழக்கம்தான். பந்தியில் இடம் பிடிக்கும் யோசனையில் இருந்த முன்வரிசைப் பெண்கள் அரிசியை வீசினார்கள். மேளமும் அரிசியும் சேர்ந்து விழ, தர்ஷன் விரல்கள் முடிச்சைப் போட்டுவிட்டன.

மண்டபமே சிரித்தது. அண்ணாச்சிகூடச் சிரித்தார். பொன்னரசி வெட்கத்தோடு அவிழ்த்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

நிஜ முகூர்த்தத்தில் ஐயர் மந்திரத்தை நீட்டினார். ஏற்கெனவே சூடேறியிருந்த கேமரா, முடிச்சு விழுவதற்கு முன்னால் நின்றுவிட்டது. சந்தனராஜ் மறுபடி கிளப்பியபோது ஐயரின் முதுகும், தேங்காய் மூடி ஒன்றும்தான் கிடைத்தன.

மறுநாள் மேலிடத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. திருவளர் செல்வன் தர்ஷனும் திருமதி பொன்னரசியும் இல்லறத்தில் நீடூழி வாழ்க.

பதிவாளர் நூர்ஜஹான் வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மணை இருக்கு, மாலை இருக்கு, முடிச்சு இருக்கு. ஊரே ஆசீர்வாதம் பண்ணுது. அந்தம்மா வேற வெட்கப்படுறாங்க. இதுல என்னத்தக் குறை சொல்ல?"

"மேடம், அவ எம்பொண்டாட்டி."

"பதிவு இருக்கா?"

இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம். சமைத்த வீடியோதான். அதை இன்று ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட நம்பமாட்டார். பச்சையாக ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால் உரிமக்காரர் தன் கல்யாணத்தைத் தானே எடுக்கக் கூடாது. சாத்தூர் உரிமக்காரரைக் கூப்பிட வேண்டும். அடுத்த முகூர்த்தம், அடுத்த முகூர்த்தம் என்று தள்ளிப்போனது. முகூர்த்தம் எல்லாம் மற்றவர்களுக்கே சரியாக இருந்தது.

நூர்ஜஹான் கதவைச் சாத்திவிட்டு வழிகளைச் சொன்னார். விவாகரத்து வாங்கலாம், ஆனால் அந்த இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு வருஷம் வாழ்ந்து பார்த்து ஒத்துவரவில்லை என்று காட்ட வேண்டும். இரண்டில் ஒருவர் இறந்தால் தானாகவே விட்டுப்போகும். இன்னொன்றும் இருந்தது. கேமராவில் கோளாறு, அது கண்டதை எழுதவில்லை என்று சந்தனராஜே எழுதிக் கொடுக்கலாம்.

"எழுதித் தாரேன் மேடம். இப்பவே."

"அவசரப்படாதீங்க. ஒரு பதிவு பொய்யின்னா அந்தக் கேமராவுல எடுத்த எல்லாம் பொய். இந்த ஊர் கல்யாணம், கிரயம், உயில் எல்லாம் உங்க ஒத்தக் கேமரா. எல்லாத்தையும் கவுத்திட்டுதான் உங்க வீட்டம்மாவ மீட்கணும்."

சந்தனராஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

அதற்குள் சட்டம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. பொன்னரசியின் ரேஷன் அண்ணாச்சி வீட்டு அட்டைக்கு மாறியது. பேருந்தில் ஏறினால் வாசல் கண்ணாடி அவள் முகத்தைப் பார்த்து, "வணக்கம், திருமதி தர்ஷன்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னது. அடுத்தவன் மனைவியை வைத்துக்கொண்டு ஒருவர் தன் வீட்டில் குடியிருப்பது தனக்குச் சங்கடமாக இருப்பதாக வீட்டுக்காரர் வந்து, மிகுந்த மரியாதையோடு, திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கையில் உருட்டியபடி சொல்லிவிட்டுப் போனார். தாரணி அண்ணாச்சி வீட்டு மாடியறையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கீழே தர்ஷன். இருவரும் ஒரே அறையில் இருந்து, எவனாவது பார்த்து எழுதிப்போட்டால் அதற்கு வேறு வழக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ரத்தினசாமி அண்ணாச்சி வந்தார். பின்னால் டிரைவர் பழத்தட்டைச் சுமந்துகொண்டு வந்தார்.

"வாங்க மாமா" என்றாள் பொன்னரசி.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. பேரம் பேச வந்த இடத்தில் முகம் மாறினால் விலை ஏறும் என்று அவருக்குத் தெரியும். ஆரஞ்சு இந்த வருஷம் புளிப்பு என்பதில் ஆரம்பித்தார். கேமரா குருடு என்று எழுதிக் கொடுத்தால் தன் மண்டிக் கிரயமும், தம்பியோடு செய்துகொண்ட பாகப்பிரிவினையும் போய்விடும் என்பதை நாசூக்காகச் சொன்னார். தம்பி ரொம்பக் காலமாகக் காத்திருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாயி, நீ ஒரு இருபது விநாடி செத்துப்போனா எல்லாருக்கும் நல்லது."

சந்தனராஜ் எழுந்தே விட்டார். பொன்னரசி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஏன் மாமா, உங்க பையன் சாகட்டுமே. அவருக்கென்ன, சின்ன வயசு, தாங்குவாரு."

"அவன் செத்தா ஜிஎஸ்டி யாரு கட்டுவா? மண்டி லைசென்ஸ் அவம்பேருல இருக்கு. அதோட..." அண்ணாச்சி நிறுத்தினார்.

"அதோட நான் விதவையாயிருவேன். பங்கு கேப்பேன்."

"நீ கேக்கமாட்ட. சட்டம் கேக்கும்" என்றார் அண்ணாச்சி. இந்தப் பெண்ணை மண்டியில் உட்காரவைத்திருக்கலாம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியிருக்க வேண்டும். குரலில் மரியாதை கூடியது.

அவர் போன பிறகு சந்தனராஜ் சட்டையை மாட்டினார். எழுதிக் கொடுக்கப் போகிறேன், ஊர் எக்கேடும் கெடட்டும் என்றார். பொன்னரசி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மேல ரதவீதி கோமதிக்கு வீடு என்று இருப்பது அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் சொன்ன உயில் வீடியோவால்தான், அது போனால் கொழுந்தன்மார் சாயங்காலத்துக்குள் அவளைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்றாள். அச்சக மேஸ்திரி பெண்ணைத் தெரியாது என்று சாதித்தவன் இன்று அவளோடு குடித்தனம் செய்வதும் அந்தக் கேமராவுக்குப் பயந்துதான் என்றாள். இன்னும் யார் யார் என்று அவளுக்கு எல்லோரையும் நினைவிருந்தது. அத்தனை பேருக்கும் விளக்குப் பிடித்தவள் அவள்தானே.

"அவங்களையெல்லாம் விட்டுட்டு நான் ஒருத்தி உங்க பொண்டாட்டியா இருந்து என்ன செய்ய? ஒரு நாள் செத்துட்டுப் போறேன்."

"செத்தா திரும்பி வர முடியாது பொன்னு. பஸ் கிடையாது. ரேஷன் கிடையாது. ஆஸ்பத்திரி கிடையாது. தெருவுக்குத் தெரு கேமரா. செத்தவ நடந்து போறான்னு ஒண்ணு பாத்துருச்சுன்னா நீயும் உள்ள, நானும் உள்ள."

"அதத்தான் பேசி வாங்கணும்."

பேசி வாங்கினாள். மண்டியில் பெரிய வியாபாரத்துக்கு விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டால் மூடிய கைக்குள் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் துண்டை நீட்டினார். பெண்கள் கை அதற்குள் போனதில்லை. பொன்னரசி கையை விட்டாள். மண்டியில் இருந்த தரகர்கள் மிளகாய்க் குவியலைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் பார்த்தார்கள். கைகள் துண்டைவிட்டு வெளியே வந்தபோது அண்ணாச்சிக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. மண்டிக் கணக்கில் மாதா மாதம் அரிசி. உடம்புக்கு முடியாவிட்டால் அண்ணாச்சி வீட்டு டாக்டர் வாசலுக்கே வருவார். ஊரைவிட்டு எங்கேயாவது போக வேண்டுமானால் வற்றல் லாரியில் தார்ப்பாய்க்குள் ஒரு இடம். வீட்டையும் அண்ணாச்சியே பார்த்துக் கொடுத்தார். தெருக் கேமரா எட்டாத சந்து.

"தீவாளிக்குச் சேலையும் கேட்டேன். செத்தவளுக்கு என்னத்துக்குன்னு தள்ளிட்டாரு" என்றாள்.

சாவு, அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில், ஒரு மத்தியானம் நடந்தது.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்பது சந்தனராஜுக்குத்தான் தெரியும். சாதா வீடியோவில் யார் வேண்டுமானாலும் சாகலாம். பச்சைப் பதிவு அப்படியில்லை. இதயம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் முகத்தில் ரத்தம் ஒரு சொட்டு ஏறி இறங்குகிறது. தோலின் நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மாறும். மனிதக் கண் விட்டுவிடும். சமைத்த வீடியோ சுருக்கும்போது தூக்கி எறிந்துவிடும். பச்சையில் அது அத்தனையும் இருக்கும். மேலிடம் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் தாரணி. மாடியிலிருந்து இறங்கி வந்து, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னாள்: "சுமங்கலியாத்தான சாகுறாங்க. மஞ்சள் பூசணும்ல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுமங்கலியாக இறப்பவளின் முகத்தில் மஞ்சளைக் கனமாக அப்பி, பெரிய பொட்டு வைப்பது வழக்கம். அந்த மஞ்சளுக்கு அடியில் எந்த ரத்தமும் தெரியாது. தாரணியே அரைத்து எடுத்துவந்தாள். பொன்னரசியின் நெற்றியிலிருந்து கழுத்து வரை, காது மடல் விடாமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல நிதானமாகப் பூசினாள். தாடையைத் துணியால் கட்டினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிந்தார்கள். நெற்றியில் காசு. நெஞ்சு ஏறி இறங்குவதை மறைக்க நாலு ரோஜா மாலை. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புருஷன் என்ற முறையில் தர்ஷன் தலைமாட்டில் நின்றான்.

"மூச்ச மட்டும் பாத்துக்க" என்றார் சந்தனராஜ்.

அவர் பட்டனை அழுத்தினார். தர்ஷனுக்கு அழுகை வரவில்லை. கண்ணைக் கசக்கக் கசக்கக் கொட்டாவிதான் வந்தது. கேமராவுக்குப் பின்னால் சந்தனராஜுக்குத்தான் அழுகையில் உடம்பு குலுங்கியது. ஸ்டாண்டைத் தொட்டுவிடக் கூடாது என்று இரண்டடி பின்னால் போய், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேமரா பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஒரு பெண் மஞ்சள் பூசிக்கொண்டு மூச்சை அடக்கிப் படுத்திருந்தாள். அது அதைத்தான் எழுதியது.

கேமரா நின்றது. மாலைகளுக்கு அடியிலிருந்து, கிணற்றிலிருந்து வெளியே வந்தவள்போல ஒரு இரைப்பு கேட்டது.

மேலிடம் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்தது. அடுத்த முகூர்த்தத்தில் தர்ஷன் தாரணிக்குத் தாலி கட்டினான். ஐயருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். மந்திரம் கச்சிதமாக முடிந்தது. முடிச்சும் முகமும் அப்பழுக்கில்லாமல் விழுந்தன.

பொன்னரசி சந்து வீட்டில் இருந்தாள். பகலில் ஜன்னலைத் திறப்பதில்லை. சந்தனராஜ் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார். மனைவியை இழந்தவர் வீட்டில் ஆள் சத்தம் கேட்கக் கூடாது. விளக்குப் பிடிக்க ஆள் இல்லாமல் அவர் தடுமாறுவதைக் கேட்டு, எந்த மண்டபத்தில் எந்த மூலையில் விளக்கை வைக்க வேண்டும் என்று அவள் உள்ளே இருந்தே சொல்லி அனுப்பினாள். தண்ணீர் குடத்தை மெதுவாக இறக்கப் பழகினாள். தும்மலை முந்தானைக்குள் அமுக்கப் பழகினாள். அரிசி மாதா மாதம் வந்தது. அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை. எடை மட்டும் கொஞ்சம் குறைந்தது.

ஆவணியில் ஒரு நாள் பிற்பகல் தாரணி வந்தாள். நல்ல வேளை, சந்தனராஜ் வீட்டில் இருந்தார், பேச்சுக் குரல் வெளியே கேட்டாலும் தப்பில்லை. பின்பக்கமாகச் சாக்கு மறைப்பை விலக்கிக்கொண்டு வந்தவள், தூக்குவாளியில் எதையோ கொண்டுவந்திருந்தாள். அதை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பொன்னரசி காபி போட்டாள். மாமியார் சுகமா என்று கேட்டாள். சுகம் என்றாள். தர்ஷன் எப்படி என்று கேட்டாள். தாரணி டம்ளரை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தாள்.

காபி ஆறிப்போனது. தாரணி டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அக்கா, மூச்ச எப்படி அடக்குனீங்க?"

முன்னறையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த சந்தனராஜின் கை நின்றது.

"ஏன்டி, அடிக்கிறானா?" என்றாள் பொன்னரசி.

"அதெல்லாம் இல்லக்கா. பாவம், அவருக்கும் என்னக் கண்டா ஆகல, எனக்கும் ஆகல. ஆனா பதிவு அவ்வளவு நல்லா விழுந்துருச்சே. விவாகரத்துன்னா மாமா விடமாட்டாரு. செத்தா விட்டுருவாரு."

பொன்னரசி அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூடிய ஜன்னலைக் காட்டினாள், தாழ்ப்பாளைக் காட்டினாள், செத்தவள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தாரணி எல்லாவற்றையும், வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவளைப்போல, சுற்றிப் பார்த்தாள்.

"பரவால்லக்கா. ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம்."

"இருக்கலாம். அதுக்கு உன் புருசன் தலைமாட்டுல வந்து நிக்கணுமே. அவன் சம்மதிக்க வேண்டாமா?"

"அவருதான்க்கா கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றாள் தாரணி. "கல்யாணம் ஆனதுலருந்து நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் இது ஒண்ணுதான்."